பொசுபேற்று பீக் ஏன் ஒரு இடத்துல நிக்குதில்ல? பொசுபரசு என்எம்ஆரும் பிஎச்சும்

பொசுபேற்றக் கரைச்ச தண்ணிக்கு பொசுபரசு என்எம்ஆர் (அணுக்கருக் காந்தப் பரிவு) எடுத்தா பீக், அதாவது வரைபுல எழும்புற கோடு, எத்தனை பிபிஎம்ல வரும்? ஒரு புத்தகத்துல 0 எண்டு கிடக்கும், இன்னொண்டுல 3 எண்டு கிடக்கும், மண் ஆராய்ச்சிக் கட்டுரை ஒண்டத் திறந்தீங்கெண்டா 6 எண்டு போட்டிருப்பாங்க. புதுசா படிக்கிற புள்ளைகள் இதப் பாத்திட்டு எது சரி, எதப் பாடமாக்கிறது எண்டு குழம்புறது வழமை. மூண்டும் சரிதான். மூண்டு பேரும் அளந்த கரைசல்ட பிஎச் வேற வேற, அவ்வளவுதான் விசயம்.

வந்தாறுமூலையிலயோ சம்மாந்துறையிலயோ கெமிஸ்ட்ரி படிக்கத் தொடங்கியிருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கும், ஏஎல் எழுதிப்போட்டு அடுத்தது என்ன படிக்கலாம் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறவங்களுக்கும் எண்டுதான் இத எழுதுறன். அமிலம், காரம், பிகேஏ, தாங்கற் கரைசல் இவ்வளவும் தெரிஞ்சா காணும், மிச்சத்த நான் சொல்லுறன். இதுல வாற கணக்கு எல்லாம் நீங்க தாங்கற் கரைசலுக்கு ஏற்கனவே செய்த கணக்குத்தான், வேற ஒண்டும் புதுசா இல்ல.

முதல்ல என்எம்ஆர் பத்தி வேண்டிய அளவு மட்டும். சில அணுக்கருக்கள் சின்னக் காந்தம் மாதிரி நடந்துகொள்ளும், பெரிய காந்தத்துக்குள்ள வச்சா குறிப்பிட்ட ஒரு அதிர்வெண்ணுக்கு மட்டும் பதில் சொல்லும். பொசுபரசு இதுக்கு நல்ல வாய்ப்பான ஆள், ஏனெண்டா இயற்கையில இருக்கிற பொசுபரசு அத்தனையும் திணிவெண் 31 உள்ள ஒரே சமதானிதான், நூத்துக்கு நூறு, அதுட சுழற்சி எண்ணும் 1/2. காபனுக்கு 13 திணிவெண் உள்ளது 1.1 வீதம்தான் இருக்கு, அதால காபனுக்கு மணிக்கணக்கில காத்திருக்க வேண்டி வரும், பொசுபரசுக்கு அந்தப் பாடு இல்ல. 9.4 டெஸ்லா காந்தத்துல ஐதரசன் 400 மெகாஹேர்ட்ஸ்ல பதில் சொன்னா பொசுபரசு 162 மெகாஹேர்ட்ஸ்ல சொல்லும். ஆனா எல்லாப் பொசுபரசும் சரியா அந்த 162லயே நிக்காது. சுத்தியிருக்கிற இலத்திரன்கள் காந்தப்புலத்த கொஞ்சம் மறைக்கும், அந்த மறைப்பு கூடக்குறைய இருக்கிறதால ஒவ்வொண்டும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி நிக்கும். அந்தத் தள்ளலுக்குத்தான் ஷிஃப்ட் எண்டு பேர், அத பத்து லட்சத்துல எத்தனை பங்கு எண்டு பிபிஎம்ல சொல்லுறது. 85 வீதப் பொசுபோரிக் அசிட்ட 0 எண்டு வச்சிருக்காங்க. அதுல இருந்து வெள்ளைப் பொசுபரசு −450க்கும் கீழ கிடக்கு, பொசுபரசு முக்குளோரைட்டு +219ல கிடக்கு. அவ்வளவு பெரிய வீதியில நாங்க இண்டைக்குப் பாக்கப் போறது 0க்கும் 6க்கும் இடையில உள்ள ஒரு சின்னத் துண்டு. சின்னது எண்டு விட ஏலாது, ஏனெண்டா பொசுபேற்று பீக் ஒல்லியானது, 0.1 பிபிஎம் நகந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

இப்ப பொசுபோரிக் அசிட்டுக்கு வருவம். நடுவுல பொசுபரசு, சுத்திவர நாலு ஒட்சிசன், அதுல மூண்டுல ஐதரசன் ஒட்டியிருக்கு. பிகேஏ மூண்டு: 2.15, 7.20, 12.35 அளவில. அப்ப பிஎச்ச 1ல இருந்து 14 வரைக்கும் கொண்டு போனீங்கெண்டா ஒரே பொசுபரசு நாலு வேசம் போடும். மூண்டு ஐதரசனோட முழு அசிட், ரெண்டு ஐதரசன் மிஞ்சின அயன், ஒரு ஐதரசன் மிஞ்சின அயன், ஒண்டுமில்லாத வெறும் பொசுபேற்று அயன். இந்த நாலுக்கும் ஷிஃப்ட் வேற வேற. முழு அசிட்டுக்கு கிட்டத்தட்ட 0, ரெண்டு ஐதரசன் உள்ளதுக்கு 0.7 அளவில, ஒண்டு உள்ளதுக்கு 3.2 அளவில, வெறும் அயனுக்கு 6க்குக் கிட்ட. உப்பு கூடினா, வெப்பநிலை மாறினா இந்த எண்கள் கொஞ்சம் அசையும், அதால கடைசித் தசமத்துக்கு அடிபட வேணாம், ஒழுங்க மட்டும் பிடிச்சுக்கொள்ளுங்க. முதல் புரோத்தன் போகேக்க பீக் பெரிசா அசையுதில்ல. ரெண்டாவது போகேக்க 2.5 பிபிஎம் துள்ளுது. மூண்டாவதுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு.

இதுல எல்லாருக்கும் வாற முதல் கேள்வி ஒண்டு இருக்கு, நல்ல கேள்வி அது. பிஎச் 7ல ரெண்டு ஐதரசன் உள்ளதும் இருக்கு, ஒண்டு உள்ளதும் இருக்கு, ரெண்டும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. அப்ப 0.7ல ஒரு பீக்கும் 3.2ல இன்னொரு பீக்குமா ரெண்டு வரணும்தானே? வராது. ஒண்டுதான் வரும், அதுவும் ரெண்டுக்கும் இடையில எங்கயோ ஒரு இடத்துல.

காரணம் வேகம். தண்ணிக்குள்ள ஒரு பொசுபேற்று தன்ட புரோத்தன விட்டிட்டு அடுத்த கணமே இன்னொண்டப் பிடிச்சிரும், திரும்ப விடும், திரும்பப் பிடிக்கும், ஒரு செக்கனுக்குள்ள லட்சக்கணக்கான தரத்துக்கும் மேல இது நடக்கும். ரெண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசம் 2.5 பிபிஎம், 162 மெகாஹேர்ட்ஸ் மெஷின்ல அது 405 ஹேர்ட்ஸ். ரெண்டையும் வேற வேறயாப் பாக்கணும் எண்டா மாற்றம் செக்கனுக்கு சில நூறு தரத்துக்கும் குறைவா நடக்கணும். இது அதவிட எத்தனையோ மடங்கு வேகம். அதால மெஷினுக்கு தனித்தனி ஆள் தெரியாது, சராசரி மட்டும்தான் தெரியும். மட்டக்களப்பு முகத்துவாரம் வெட்டின நேரம் வாவித் தண்ணிய வாயில வச்சுப் பாத்தீங்கெண்டா தெரியும், மழைத்தண்ணியும் கடல்தண்ணியும் தனித்தனியா நாக்குல படாது, ரெண்டுக்கும் இடையில ஒரு உப்புத்தான் படும், அந்த உப்பு எவ்வளவு எண்டத வச்சே கடல் எத்தனை பங்கு உள்ள வந்திருக்கு எண்டு கணிச்சிரலாம். பொசுபேற்று பீக்கும் அப்பிடித்தான், ரெண்டு முனையும் தெரிஞ்சா பீக் நிக்கிற இடத்த வச்சு எது எத்தனை பங்கு எண்டு சொல்லிரலாம்.

செய்து பாப்பம். ஒரு கரைசல்ல பீக் 2.2ல வந்திருக்கு எண்டு வைங்க. கீழ் முனை 0.7, மேல் முனை 3.2, முழு நீளம் 2.5. கீழ இருந்து பீக் ஏறியிருக்கிற தூரம் 1.5. 1.5ஐ 2.5ஆல பிரிச்சா 0.6. அப்ப ஒரு ஐதரசன் உள்ள அயன் 60 வீதம், ரெண்டு ஐதரசன் உள்ளது 40 வீதம். 60ஐ 40ஆல பிரிச்சா 1.5, அதுட மடக்கை 0.18. தாங்கற் கரைசல் சமன்பாட்டுல போட்டா பிஎச் எண்டது பிகேஏ கூட்டல் 0.18. நல்லா ஐதான கரைசல் எண்டா பிகேஏ 7.2, அப்ப பிஎச் 7.38. உடம்புக் கலத்துக்குள்ள இருக்கிற அளவு உப்பு உள்ள கரைசல் எண்டா பிகேஏ 6.8 அளவுக்கு இறங்கிரும், அப்ப பிஎச் 6.98. இலத்திரோட்டு ஒண்டும் உள்ள விடாம, கரைசலத் தொடாம, வெளியில நிண்டு பிஎச் எடுத்தாச்சு.

அந்த 7.2, 6.8 விசயத்த லேசா விட்டிராதீங்க. ஒரே பீக்குக்கு பிகேஏ எத எடுக்கிறம் எண்டதால 0.4 பிஎச் வித்தியாசம் வருது. அதால இத வச்சு உண்மையான அளவீடு செய்யிறவங்க புத்தகத்துப் பிகேஏய எடுக்க மாட்டாங்க, தங்கட கரைசல்ல இருக்கிற அதே உப்பு, அதே வெப்பநிலையில பிஎச்ச படிப்படியா மாத்தி பீக்க அளந்து, எஸ் எழுத்து மாதிரி வளையிற ஒரு வரைபு கீறி, அதுல இருந்துதான் ரெண்டு முனையையும் பிகேஏயையும் எடுப்பாங்க. கனநீர்ல (சாதாரண ஐதரசனுக்குப் பதிலா டியூற்றீரியம் உள்ள தண்ணி) கரைச்சு அளக்கிறதெண்டா இன்னொரு விசயமும் பாக்கணும், சாதாரண பிஎச் மீட்டர் கனநீர்ல காட்டுற பெறுமானத்தோட 0.4 கூட்டினாத்தான் சரியான பெறுமானம் வரும்.

அந்த வரைப மனசுல ஒருக்கா கீறிப் பாருங்க, ஏனெண்டா முழு விசயமும் அதுட வடிவத்துலதான் கிடக்கு. பிஎச் 4.5 பக்கம் கோடு மட்டமாப் போகுது, அங்க ஏறக்குறைய எல்லாமே ரெண்டு ஐதரசன் உள்ள அயன், கொஞ்சம் அமிலம் கூடினாலும் குறைஞ்சாலும் பீக் அசையாது. பிஎச் 6 தாண்டினதும் ஏறத் தொடங்குது, பிகேஏக்கு நேர வாறப்ப மிச்சம் செங்குத்தா நிக்குது, பிறகு 9 பக்கம் திரும்ப மட்டம். செங்குத்தா நிக்கிற இடத்துல பிஎச் 0.1 மாறினா பீக் 0.14 பிபிஎம் அசையும், 162 மெகாஹேர்ட்ஸ் மெஷின்ல அது 23 ஹேர்ட்ஸ், வடிவாத் தெரியும். பிஎச் 9ல அதே 0.1 மாற்றத்துக்கு 0.01 பிபிஎம் கூட அசையாது. அப்ப பொசுபேற்று பீக்க வச்சு பிஎச் பாக்கிறது 6க்கும் 8க்கும் இடையிலதான் நம்பலாம். உயிருள்ள கலத்துக்குள்ள இருக்கிற பிஎச்சும் அதே இடத்துலதான் கிடக்கு, உயிரியல்காரங்க இந்த முறைய விடாமப் பிடிச்சுக்கொண்டதுக்கு அதுதான் காரணம். பிஎச் 12க்கு மேல திரும்ப இன்னொரு ஏத்தம் இருக்கு, கடைசிப் புரோத்தன் போற இடம்.

எல்லாப் பொசுபரசுச் சேர்வையும் இப்பிடி அசையும் எண்டும் நினைக்கக் கூடாது. விடுறதுக்குப் புரோத்தன் இருந்தாத்தான் அசையும். குளுக்கோசு 6 பொசுபேற்று, ஏஎம்பி மாதிரி ஒரு பக்கம் மட்டும் கட்டுப்பட்ட பொசுபேற்றுகளுக்கு 6 சொச்சத்துல ஒரு பிகேஏ இருக்கு, அதுகளும் பொசுபேற்று மாதிரியே ஏறும், என்ன, கொஞ்சம் முந்தி ஏறும். டிஎன்ஏ, கலமென்சவ்வுக் கொழுப்பு இதுகள்ல பொசுபேற்று ரெண்டு பக்கமும் கட்டுப்பட்டுக் கிடக்கு, மிஞ்சியிருக்கிற ஒரே புரோத்தனும் பிஎச் 1 பக்கத்துலயே போயிரும். பிறகு பிஎச் 3 எண்டாலும் 10 எண்டாலும் பீக் 0க்கும் −1க்கும் இடையில அசையாமக் கிடக்கும். பைரோபொசுபேற்று, அதாவது ரெண்டு பொசுபேற்று ஒண்டாக் கோத்தது, அமிலத்துல −10 பக்கம், காரத்துல −6 பக்கம். ஏடிபிட மூண்டு பொசுபரசுல கடைசியில நிக்கிறதுதான் பெரிசா அசையும், −10ல இருந்து −6க்குக் கிட்ட வரும், ஏனெண்டா புரோத்தன் விடுறது அந்தக் கடைசி ஆள்தான். எந்தப் பீக் அசையுது எண்டு பாத்தா புரோத்தன் எதுல இருந்து போகுது எண்டு தெரிஞ்சிரும், எனக்கு இதுல மிச்சம் பிடிச்ச விசயமே இதுதான்.

இனி கொஞ்சம் கஷ்டமான இடம். ஒரு புரோத்தன் போனா பொசுபேற்றுல எதிர் ஏற்றம் கூடுது. எதிர் ஏற்றம் கூடினா இலத்திரன் கூட, இலத்திரன் கூடினா மறைப்புக் கூட, மறைப்புக் கூடினா பீக் வலப்பக்கம், அதாவது சின்ன எண் பக்கம் போகணும். ஏஎல் அளவில யோசிச்சா இப்பிடித்தான் வரும். ஆனா பொசுபேற்று நேரெதிரா இடப்பக்கம் போகுது, 0.7ல இருந்து 3.2, பிறகு 6. ஏன் எண்டா அந்த ஏற்றம் போய்க் குந்துறது ஒட்சிசன்கள்ல, பொசுபரசுட கருவுக்குக் கிட்ட இல்ல. பொசுபரசுட ஷிஃப்ட்ட தீர்மானிக்கிறதுல பெரிய பங்கு மொத்த இலத்திரன் எண்ணிக்கைக்கு இல்ல, கருவச் சுத்தியிருக்கிற பிணைப்பு இலத்திரன்கள் எந்த வடிவத்துல பரவியிருக்கு, அதுகளுக்கு மேல உள்ள வெற்றுச் சக்திமட்டம் எவ்வளவு தூரத்துல இருக்கு எண்டதுக்குத்தான். புரோத்தன் போனா ஒட்சிசனுக்கும் பொசுபரசுக்கும் உள்ள பிணைப்பு நீளம் மாறும், ஒட்சிசன் பொசுபரசு ஒட்சிசன் கோணம் மாறும், பிணைப்புகளுக்குள்ள இலத்திரன் பங்கு பிரிபடுற விதம் மாறும். எல்லாம் ஒண்டாச் சேந்து பீக்க ஒரு பக்கம் தள்ளும், எந்தப் பக்கம் எண்டது ஒவ்வொரு சேர்வைக்கும் வேற. பொசுபேற்று எஸ்தர்கள்ல இந்தக் கோணத்துக்கும் ஷிஃப்ட்டுக்கும் உள்ள தொடர்ப 1975ல கோரன்ஸ்டைன் காட்டினார். ஏற்றத்த மட்டும் பாத்து திசைய சொல்ல ஏலாது எண்டது இதுல பிடிச்சு வச்சுக்கொள்ள வேண்டியது.

இதுக்கு நல்ல சாட்சி பொசுபோரிக் அசிட்ட சொந்தத் தம்பிமார்: பொசுபரஸ் அசிட், ஹைப்போபொசுபரஸ் அசிட். பொசுபரஸ் அசிட்ல மொத்தம் மூண்டு ஐதரசன், ஆனா ஒண்டு நேரடியாப் பொசுபரசுல ஒட்டியிருக்கு, மத்த ரெண்டுதான் ஒட்சிசன்ல. அதால அது இருமூல அமிலம். ஹைப்போபொசுபரஸ்ல ரெண்டு ஐதரசன் பொசுபரசுல, ஒண்டுதான் ஒட்சிசன்ல, அதால ஒருமூலம். டியூஷன்ல இத பாடமாக்கி எழுதியிருப்பீங்க, என்எம்ஆர்ல அதக் கண்ணால பாக்கலாம். பொசுபரசுல நேரடியா ஒட்டின ஐதரசன் அந்தப் பொசுபரசுட பீக்கப் பிளக்கும், ஒண்டு ஒட்டியிருந்தா பீக் ரெண்டாப் பிரியும், ரெண்டு ஒட்டியிருந்தா மூண்டாப் பிரியும், 1:2:1 உயரத்துல. ஒட்சிசன்ல இருக்கிற ஐதரசன் சும்மா வந்து வந்து போறதால ஒண்டையும் பிளக்காது. பொசுபரஸ் அசிட்ல அந்த ரெண்டு கோட்டுக்கும் இடையில உள்ள தூரம் 700 ஹேர்ட்ஸ் அளவில, 162 மெகாஹேர்ட்ஸ் மெஷின்ல 4.3 பிபிஎம். இது சின்ன இடைவெளி இல்ல, முதல் தரம் பாக்கிறவங்க ரெண்டு வேற சேர்வை எண்டே நினைப்பாங்க. ஆனா ஒண்டு, மெஷின்ல ஐதரசன் டிகப்ளிங்க (ஐதரசன் பீக்கப் பிளக்கிறத நிப்பாட்டுற வசதி) ஓஃப் பண்ணிப்போட்டு எடுக்கணும், ஓன்ல விட்டா ரெண்டு கோடும் ஒண்டாகிரும், அந்தத் தகவல் முழுக்கப் போயிரும். அமிலங்கள எடுக்கேக்க ரெண்டு விதமாவும் எடுத்து வைக்கிறது நல்லம் எண்டு நான் சொல்லுவன்.

சரி, இதுகள்ட்ட புரோத்தன எடுத்தா பீக் எந்தப் பக்கம் போகும்? ஹைப்போபொசுபரஸ் அமிலமா இருக்கேக்க 13 பிபிஎம் பக்கம் கிடக்கும், காரம் விட்டு அயனாக்கினா 8 பக்கம் வரும். வலப்பக்கம். பொசுபேற்றுக்கு நேரெதிர்த் திசை! பொசுபரஸ் அசிட்டும் அமிலத்துல 5 பக்கம் இருந்து காரத்துல 4க்குக் கிட்ட கொஞ்சம் வலப்பக்கம்தான் வரும். காபன் நேரடியாப் பொசுபரசுல ஒட்டின பொசுபோனிக் அசிட்டுகளும் இப்பிடித்தான், மெதைல் பொசுபோனேற்றுல ரெண்டாம் புரோத்தன் போறப்ப 25 பக்கத்துல இருந்து 21 பக்கத்துக்கு இறங்கும். நாலு ஒட்சிசன் சுத்தி நிண்டா ஒரு திசை, அதுல ஒண்டுக்குப் பதிலா ஐதரசனோ காபனோ நிண்டா மத்தத் திசை.

இன்னொரு அழகான விசயம், இந்த ரெண்டு அசிட்லயும் பீக்குட இடம் மட்டும் இல்ல, பிளவுட அகலமும் பிஎச்சோட மாறும். பொசுபரஸ் அசிட்ல 700 ஹேர்ட்ஸ் அளவில இருக்கிற பிளவு ரெண்டு புரோத்தனும் போனாப் பிறகு 570 அளவுக்குச் சுருங்கிரும். ஹைப்போபொசுபரஸ்ல 570 அளவில இருந்து 520க்கும் கீழ வரும். இதுல என்ன லாபம் எண்டா, பிளவு எண்டது ஒரே பீக்குட ரெண்டு கோட்டுக்கு இடையில உள்ள தூரம், அத அளக்க 0 எங்க இருக்கு எண்டு தெரிய வேண்டியதே இல்ல. ஷிஃப்ட்டுக்கு ஒப்பிட்டுப் பாக்க ஒரு 0 வேணும், பிளவுக்கு வேணாம்.

அந்த 0 எண்டத பத்தி இங்கயே சொல்லிரணும். 85 வீதப் பொசுபோரிக் அசிட்தான் 0 எண்டா, அதுல ரெண்டு சொட்ட எங்கட கரைசலுக்குள்ளயே விட்டு 0 எது எண்டு பாத்தா என்ன? கூடவே கூடாது. ஒண்டு, அது கடுமையான அசிட், கரைசல்ட பிஎச் உடன விழுந்திரும், அளக்க வந்த விசயமே மாறிரும். ரெண்டாவது, கரைசல்ல ஏற்கனவே இருக்கிற பொசுபேற்றும் விட்ட அசிட்டும் ஒண்டாக் கலந்து சராசரியாகிரும், 0லயும் பீக் வராது, மத்த இடத்துலயும் வராது, ரெண்டும் சேந்த ஒரே பீக்தான் வரும். அதனால அசிட்ட மயிரிழை மாதிரி ஒல்லியான கண்ணாடிக் குழாய்க்குள்ள அடைச்சு, 5 மில்லிமீற்றர் என்எம்ஆர் ட்யூபுக்குள்ள அந்தக் குழாய இறக்குவாங்க. ரெண்டும் ஒரே காந்தத்துக்குள்ள, ஆனா ஒண்டோடொண்டு தொடாம.

உயிருள்ள தசையில அளக்கிறவங்களுக்கு இந்தக் கண்ணாடிக் குழாய் வேலை செய்யாதுதானே, அதுக்கு உடம்பே ஒரு வழி வச்சிருக்கு. தசையில பொசுபோகிரியேட்டீன் எண்டு ஒண்டு நிறைய இருக்கு, அதுட பிகேஏ 4.6 பக்கம். தசையிட பிஎச் 6க்குக் கீழ லேசில போகாது, அதால அந்தப் பீக் அசையாம ஒரே இடத்துல நிக்கும். அத 0 எண்டு வச்சுக்கொண்டு பொசுபேற்று எவ்வளவு தூரத்துல நிக்குது எண்டு பாத்தாக் காணும். அந்தக் கணக்குல முனைகள் 3.27, 5.69, பிகேஏ 6.75 எண்டு எடுப்பாங்க. ஓய்வில இருக்கிற தசையில பொசுபேற்று 4.9ல நிண்டா: 4.9ல இருந்து 3.27 போனா 1.63, 5.69ல இருந்து 4.9 போனா 0.79, பிரிச்சா 2.06, மடக்கை 0.31, பிஎச் 7.06. நல்லா வேலை செய்து களைச்ச தசையில பீக் 4.0க்கு வந்திட்டெண்டா அதே கணக்குல பிஎச் 6.39. லக்ரிக் அமிலம் சேர்ற நேரம் பொசுபேற்று பீக் அப்பிடியே வலப்பக்கம் நகர்றத ஆள உயிரோட வச்சுக்கொண்டே பாக்கலாம், ஊசி இல்ல, வெட்டுக் காயம் இல்ல.

1973ல மூன், ரிச்சர்ட்ஸ் எண்ட ரெண்டு பேர் செங்குழியத்துக்குள்ள இருக்கிற பொசுபேற்றுகள்ட பீக்க வச்சு உள்ளுக்குள்ள பிஎச் என்ன எண்டு காட்டினாங்க. அடுத்த வருஷமே ஒக்ஸ்போர்ட்ல எலியிட கால் தசையில பொசுபரசு என்எம்ஆர் எடுத்தாங்க. 1981ல ஒக்ஸ்போர்ட்ல ஜோர்ஜ் ராடாட குழு மக்காடில் நோய் இருக்கலாம் எண்டு சந்தேகப்பட்ட ஒரு நோயாளியிட கையில இத செய்து பாத்தது. அந்த நோய்க்காரருக்கு தசையில கிளைக்கோசன உடைக்கிற நொதியம் இல்ல, அதால உடற்பயிற்சி செய்தாலும் லக்ரிக் அமிலம் சேராது. சாதாரண ஆளுக்கு பொசுபேற்று பீக் அமிலப் பக்கம் போகும். இவருக்குப் போகல்ல. ஒரு பீக் அசையாம நிண்டதே நோய்க்கு அடையாளமாப் போச்சு.

எங்கட பக்கத்துக்கு நெருக்கமான இன்னொண்டும் இருக்கு. மட்டக்களப்பு, அம்பாறையில மாரி வெள்ளம் வந்து சோளன் சேனைக்குள்ள தண்ணி நிண்டா ரெண்டு மூண்டு நாள்ல பயிர் வாடிப்போறத கண்டிருப்பீங்க. தண்ணிக்குள்ள நிக்கிற பயிர் ஏன் வாடுது? வேருக்கு ஒட்சிசன் இல்லாமப் போறதுதான் தொடக்கம் எண்டு தெரியும், ஆனா ஒட்சிசன் இல்லாட்டி கலத்துக்குள்ள என்ன நடக்குது எண்டத சோள வேர் நுனிகள உயிரோட என்எம்ஆர் ட்யூபுக்குள்ள வச்சுப் பாத்தாங்க, 1984ல அந்த ஆய்வு வெளிவந்தது. அதுல தெரிஞ்சது, ஒட்சிசன் இல்லாத நேரம் குழியவுருட பிஎச் இறங்குது, இறங்கி மீளாமப் போனா வேர் நுனி செத்திருது. வெள்ளத்தத் தாங்காததுக்கு குழியவுரு அமிலமாகிறது ஒரு முக்கிய காரணம் எண்டு அவங்க சொன்னாங்க.

அந்த ஸ்பெக்ட்ரத்த கிட்டப் பாத்தா ஒரு ஆச்சரியம் இருக்கு. தாவரக் கலத்துல பொசுபேற்றுக்கு ரெண்டு பீக் வரும். இவ்வளவு நேரமும் ஒண்டுதான் வரும் எண்டு சொன்னன், இப்ப ரெண்டு எண்டுறன், ஏன் எண்டு யோசிச்சுப் பாருங்க. தாவரக் கலத்துல பொசுபேற்று ரெண்டு அறையில இருக்கு, குழியவுருவுக்குள்ள பிஎச் 7.5 பக்கம், புன்வெற்றிடத்துக்குள்ள 5.5 பக்கம். ஒவ்வொரு அறைக்குள்ளயும் புரோத்தன் மாறுறது மின்னல் வேகம், அதால ஒவ்வொரு அறைக்கும் ஒரு சராசரிப் பீக். ஆனா பொசுபேற்று அந்த அறையில இருந்து இந்த அறைக்கு மென்சவ்வத் தாண்டிப் போறது மெத்தனம், அதால ரெண்டு அறையும் ஒண்டாச் சராசரியாகாது. ஒரே பொசுபேற்று, ரெண்டு பீக், ரெண்டு பிஎச். வேகமான மாற்றத்துக்கும் மெதுவான மாற்றத்துக்கும் இதவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

பிஎச் இப்பிடி எல்லாத்தையும் அசைக்கிறதால சில வேலைக்கு அது இடைஞ்சலும் கூட. வயல் மண்ணுல என்னென்ன வகைப் பொசுபரசு இருக்கு எண்டு பாக்கிறவங்கள எடுங்க. அம்பாறை வட்டைகள்ல அடிக்கட்டுப் பசளையாப் போடுற டிஎஸ்பி கரைஞ்சு வாறது ரெண்டு ஐதரசன் உள்ள பொசுபேற்று, குருணைக்குக் கிட்ட கடுமையான அமிலம். தவிட்டுலயும் விதையிலயும் இருக்கிற பைற்றேற்று வேற. டிஎன்ஏ வேற. மண்ண சாதாரண தண்ணியில கலக்கி எடுத்தா ஒவ்வொரு வட்டைட மண்ணுக்கும் பிஎச் வேற, பீக் எல்லாம் ஒவ்வொரு இடத்துல நிக்கும், ஒப்பிடவே ஏலாது. அதுக்காகத்தான் சோடியம் ஐதரொட்சைட்டும் உலோக அயன்களப் பிடிச்சு வைக்கிற ஈடிடிஏயும் சேத்த கரைசல்ல மண்ணுல இருந்து பொசுபரச எடுத்து, பிஎச் 13க்குக் கிட்ட வச்சு அளக்கிறது. அங்க எல்லாப் புரோத்தனும் ஏறக்குறையப் போய் முடிஞ்சிருக்கும், வரைபுட மேல் மட்டத்துக்குக் கிட்ட நிக்கிறம், பிஎச் லேசா அங்க இங்க போனாலும் பீக் பெரிசா அசையாது. பொசுபேற்று 6 பக்கம், ஒருபக்கம் கட்டுப்பட்டதுகள் 3க்கும் 6க்கும் இடையில, டிஎன்ஏ 0க்குக் கொஞ்சம் கீழ, பைரோபொசுபேற்று −4, −5 பக்கம். பைற்றேற்றுல ஆறு பொசுபேற்று இருந்தாலும் நாலு பீக்தான் வரும், 1:2:2:1 எண்ட அளவில, மூலக்கூறுட சமச்சீர் அப்பிடி. தொடக்கத்துல சொன்ன அந்த 6 இங்க இருந்துதான் வருது.

பழைய கட்டுரை வாசிக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1970களின் நடுப்பகுதிக்கு முந்தின கனக்கக் கட்டுரைகள்ல பொசுபரசு ஷிஃப்ட்டுக்கு கூட்டலும் கழித்தலும் இண்டைக்கு உள்ளதுக்கு நேர்மாறு. அங்க −3 எண்டு கண்டா அது இண்டைய +3. பொசுபேற்று பீக் காரத்துல கழித்தல் பக்கம் போகுது எண்டு எங்கயாவது வாசிச்சா முதல்ல ஆண்டப் பாருங்க.

மெஷின் கையில இல்லாட்டியும் இதப் பழகலாம். எக்செல்ல ஒரு நிரல்ல பிஎச் 1ல இருந்து 14 வரைக்கும் 0.1 படியில போடுங்க, மூண்டு பிகேஏயையும் வச்சு ஒவ்வொரு பிஎச்சுக்கும் நாலு வேசமும் எத்தனை பங்கு எண்டு எடுங்க, ஒவ்வொரு பங்கையும் அதுட ஷிஃப்ட்டால, அதாவது 0, 0.7, 3.2, 6 எண்ட எண்களால பெருக்கிக் கூட்டுங்க. வாற எண்ண பிஎச்சுக்கு எதிராக் கீறினா ரெண்டு பெரிய படியும் தொடக்கத்துல ஒரு குட்டிப் படியும் உள்ள வரைபு வரும். கீறினாப் பிறகு கோலாவுக்கு பீக் எங்க வரும் எண்டு பாருங்க, அதுல பொசுபோரிக் அசிட் இருக்கு, பிஎச் 2.5 அளவில. முழு அசிட் 30 வீதம் சொச்சம், ரெண்டு ஐதரசன் உள்ளது மிச்சம் கிட்டத்தட்ட 70 வீதம், 0.7ஐ 0.69ஆல பெருக்கினா 0.48. 0.5க்குக் கிட்ட வந்திருந்தா உங்கட எக்செல் சரி.